பரணில் கிடந்த துப்பாக்கி

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் தீவுகளைத் தமிழர் புனிதமாகக் கருதிவந்துள்ளனர். அவற்றுள் மேற்கே முதலாவதாக அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்று நம் முன்னோர் போற்றினர். கன்னட நாட்டில் குடியேறி வாழும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் தலமும் அதுவே. அரங்கநாதரைச் சேவித்து, ஆற்றில் கால் நனைத்து, கட்டிக்கொண்டுபோன புளியோதரையை மரத்தடியில் பகிர்ந்து உண்டபின், எஞ்சிய பொழுதில் கோட்டையைச் சுற்றி வருகிறோம். திப்பு சுல்தானின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் கல்லருகே நின்று பிள்ளைகளுக்கு வரலாறு கூறுகிறோம். அப்போது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அவருடைய துப்பாக்கியும் கத்தியும் எங்கே?”

அவற்றுள் பல கடல் கடந்து போயின. சில, யாரோ ஒருவரின் வீட்டுப் பரணில் தலைமுறை தலைமுறையாக உறங்கின. சில, அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன என்பதே விடை. ஏலத்துக்கு வரும்போது அவற்றின் விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று ஆராய்ந்தால், ஒரு பொருளின் விலைக்கும் அதன் மதிப்புக்கும் உள்ள தொலைவு நமக்குப் புலனாகும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

புலி வாய்த் துப்பாக்கிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் அரசு படைக்கலத் தொழிலில் முன்னணியில் நின்றது. 1755ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் ஃபௌஜ்தாராக இருந்த காலத்திலேயே ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் அங்கே ஆயுதச் சாலை அமைத்தார். அவ்வகையில் இத்தொழிலின் தொடக்கம் தமிழ்நாட்டு மண்ணோடு தொடர்புடையது. அவர் மைந்தர் திப்பு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பிற இடங்களிலும் பட்டறைகளைப் பெருக்கினார்.

அக்காலத் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பி வெடிப்பவை. ஐரோப்பிய முறையைக் கற்று, அதனினும் சிறப்பாகச் செய்ய முனைந்த மைசூர்க் கம்மியர், தம் அரசரின் சின்னத்தை அவற்றில் பதித்தனர். கல்லைப் பற்றும் சுத்தியல் புலியின் தலையாக இருக்கும். குழலில் புலியின் வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து கணக்கிடும் மௌலூதி என்னும் ஆண்டுமுறையைத் திப்பு வகுத்திருந்தார். அவ்வாண்டும், செய்தவர் பெயரும், செய்த ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். தன் பிறப்பைத் தானே எழுதி வைத்துக்கொண்ட பொருள்கள் இவை. இப்பொறிப்புகளே பிற்காலத்தில் இவற்றின் விலையை நிறுவும் முதற்சான்றுகளாயின.

கொள்ளை சொத்தான விதம்

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். ஜெனரல் ஹாரிஸ் தலைமை தாங்கிய படையில், மேஜர் ஜெனரல் டேவிட் பெயர்டு தாக்குதலை முன்னின்று நடத்தினார். அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. பின்னர் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டு, அரண்மனைச் செல்வம் முழுவதும் ‘போர்ப்பரிசு’ எனக் கணக்கெடுக்கப்பட்டது. அதற்கென அமைந்த அதிகாரிகள் பட்டியல் எழுதினர், மதிப்பிட்டனர், பதவிக்கேற்பப் பங்கிட்டனர். படைத்தலைவருக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தவை சில பவுண்டுகளே. திப்புவின் பொன்வேய்ந்த அரியணை கூடப் பங்கீட்டுக்காக உடைக்கப்பட்டது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்தாரிடம் சேர்ந்த பொருள்கள், இன்று வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டையில் காட்சிக்கு உள்ளன.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். சூறையாடல் ஓரிரவில் முடிந்துவிடும். அது சொத்தாக மாறுவதற்குப் பட்டியலும் கையொப்பமும் தேவை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், அப்பொருள் எவ்வாறு வந்தது என்று அதன்பின் கேட்பார் அரியர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகள் அவ்வாறே சட்டப்படி உடைமையாகி, அதிகாரிகளோடு கப்பலேறின. தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் பேரனுக்கும் சென்றன.

சேதமே விலையான விந்தை

2019ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தார் தம் வீட்டுப் பரணில் செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த சில பொருள்களை வெளியே எடுத்தனர். அவர்தம் முன்னோர், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்து நான்காம் மைசூர்ப் போரில் பங்குகொண்ட மேஜர் தாமஸ் ஹார்ட் என்பார். வாள்களும், பாக்குப் பெட்டி ஒன்றும், வெள்ளிப்பூண் இட்ட துப்பாக்கி ஒன்றும் அவற்றுள் இருந்தன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் நடந்த ஏலத்தில் அத்துப்பாக்கி மட்டும் 60,000 பவுண்டுக்கு விலைபோயிற்று.

வியப்பிற்குரிய செய்தி யாதெனில், அது பழுதுபட்ட துப்பாக்கி. பொதுவாகப் பழம்பொருள் வாணிகத்தில் சேதம் விலையைக் குறைக்கும். இங்கோ ஏலம் விட்டவர்கள் அச்சேதத்தையே சிறப்பாக எடுத்துரைத்தனர். ஆயுதக் கிடங்கில் அழகுக்காக வைத்திருந்த துப்பாக்கிக்கு அத்தகைய அடி பட்டிராது. எனவே இது போர்க்களத்திலிருந்தே எடுக்கப்பட்டதாகலாம் என்பது அவர்கள் வாதம். ஒருவர் இறுதி மூச்சுவரை போரிட்ட அடையாளம், இருநூற்று இருபது ஆண்டு கழித்து ஏலப் பட்டியலில் விற்பனைச் சிறப்பாக மாறியது. மரத்திற்பட்ட வடுவுக்கு விலை கிடைத்தது. அதே நாளில் மனிதர் உடலிற்பட்ட வடுக்களை யாரும் பட்டியலிடவில்லை.

எனினும், குருதி தோய்ந்த வரலாறு மட்டுமே விலையை உயர்த்திவிடும் என்று எண்ணுவதும் பிழையாகும். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் நடந்த ஏலத்தில் திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்கு விற்றது. திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றித் தனி நூலே எழுதிய ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் பல்லாண்டுகளாகத் திரட்டிய தொகுப்பைச் சேர்ந்தது அது. அதில் நுண்ணிய வேலைப்பாடு இருந்தது. அறிஞர் ஒருவரின் ஆய்வுச் சான்றும் இருந்தது. பெயர்பெற்ற மன்னருடையது என்று சொல்லிப் போலிகளை விற்போர் எக்காலத்திலும் உளர். ஆதலின் வாங்குவோர் முதலில் நாடுவது காகிதத்தையே. பங்கீட்டுப் பட்டியல், குடும்பக் கடிதம், உயில், பழைய விற்பனைச் சீட்டு ஆகியவை சங்கிலிபோல் அறுபடாமல் வந்தால் விலை பன்மடங்காகும். ஆக, கொள்ளை நடந்ததற்கான சான்று எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கொள்ளைப் பொருளின் விலை உயர்கிறது! நீதிமன்றத்தில் குற்றத்தை நிறுவப் பயன்படும் சான்று, ஏலக் கூடத்தில் பெருமையை நிறுவுகிறது.

இவ்விந்தை 2023ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. 1793–94ஆம் ஆண்டில் அசத் கான் முகம்மது என்னும் கைவினைஞர் செய்த திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று இங்கிலாந்தை விட்டு வெளியேறும் நிலை ஏற்பட்டது. அதன் மதிப்பு 20 லட்சம் பவுண்டு. அது காரன்வாலிஸ் பிரபுவுக்கு அளிக்கப்பட்டிருந்த துப்பாக்கி. 1792ஆம் ஆண்டு திப்புவைத் தோற்கடித்து, அவர் நாட்டில் பாதியைப் பறித்து, அவருடைய இளஞ்சிறார் இருவரைப் பிணையாகப் பெற்ற அதே காரன்வாலிஸ்தான். அத்துப்பாக்கி தம் நாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு அதன் ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மைசூரில் பிறந்த துப்பாக்கி பிரிட்டனின் அரும்பொருளாயிற்று. துப்பாக்கியின் வரலாறு அதன் விலையை உயர்த்தியதோடு, அதன் குடியுரிமையையும் மாற்றிவிட்டது எனலாம்.

விலையை இறக்கும் நினைவு

இனி, நாணயத்தின் மறுபக்கத்தைக் காண்போம். 2019ஆம் ஆண்டு ஏலத்தின்போது அப்பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. வந்த வழியைப் பற்றிக் கேள்வி எழும் பொருளை வாங்கத் தயங்குவோர் இன்று பெருகிவருகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் பெருமிதத்தோடு சுவரில் மாட்டப்பட்ட வாள், அடுத்த தலைமுறைக்குச் சங்கடமாகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு வேறுவகையான எடுத்துக்காட்டு உண்டு. திப்புவின் வாள் ஒன்றை 2003ஆம் ஆண்டு லண்டன் ஏலத்தில் வாங்கிய இந்தியத் தொழிலதிபர் ஒருவர், அது தமக்குக் கேடு விளைப்பதாகக் குடும்பத்தார் கருதியதால் 2016ஆம் ஆண்டில் பிறருக்குக் கொடுத்துவிட்டதாக 2018ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்தில் கூறப்பட்டது. கோடிக்கணக்கில் விலைமதிப்புள்ள ஒன்று, நம்பிக்கையின் தராசில் சுமையாகிவிட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டு மே மாதம், பெயர்டு பெற்றிருந்த திப்புவின் மற்றொரு வாள் லண்டனில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விற்றது. வரலாறு ஒன்றே, அஞ்சியவர் விலக்கினார், விரும்பியவர் அள்ளிக் கொடுத்தார்.

சட்டம் இதனை எவ்வாறு காண்கிறது? இந்தியாவில் நூறாண்டு கடந்த கலைப்பொருள் எதையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைப் பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுடக்கூடிய துப்பாக்கியாயின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் குறுக்கிடும். தந்தை மறைந்தால் துப்பாக்கி வாரிசுக்கு வரும். உரிமம் தானே வாராது. வாரிசு தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பொருளைப் பெறுவது வேறு, அதனை வைத்திருக்கும் தகுதியைப் பெறுவது வேறு என்னும் இவ்விதி, துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

வாரிசுகள் பலர்

‘திருப்பித் தருக’ என்று கேட்பது எளிது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் யாரிடம், எந்த நினைவோடு தருவது என்று வினவினால் விடை எளிதன்று. ஏனெனில் அத்துப்பாக்கியின் வரலாற்றுக்கு வாரிசுகள் பலர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வடக்கே சிறிது தொலைவில் மேலுக்கோட்டை உள்ளது. இராமாநுசர் வாழ்ந்த திருநாராயணபுரம் அதுவே. அங்குள்ள தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பத்தார் நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடுவதில்லை. திப்புவின் ஆணையால் தம் முன்னோர் பலர் அந்நாளில் கொல்லப்பட்டனர் என்று வழிவழியாகக் கூறிவருகின்றனர். நமக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழகத்திலிருந்து கன்னட நாட்டில் குடியேறிய நம்மவர் அவர்கள். நாம் பட்டாசு வெடிக்கும் காலையில் அவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றப்படுவதில்லை. அவர்களிடம் அந்தப் புலிவாய்த் துப்பாக்கியின் மதிப்பு யாது என்று கேட்க நமக்குத் துணிவு உண்டா?

மேற்கே குடகு நாட்டில், திப்புவின் படையெடுப்பில் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் நினைவு இன்றும் மறையவில்லை. அக்குடகரிடம் துப்பாக்கி குடும்ப உறுப்பினர் போன்றது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி என்று ஊருக்கு அறிவிக்கும் மரபு அவர்களுடையது. நம் ஆயுத பூஜை போல, விதைப்பும் நடவும் முடிந்தபின் துப்பாக்கிக்கு மலர்சூட்டி வழிபடுகின்றனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் அவர்களுக்கு உரிமச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தனர். அவ்விலக்கை 2029ஆம் ஆண்டு வரை நீட்டித்து 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணையிட்டது. வெள்ளையர் பட்டியலிட்டு விலை கூறிய துப்பாக்கிக்கும், குடகர் வீட்டு நடையில் மலர்சூடி நிற்கும் துப்பாக்கிக்கும் இரும்பு ஒன்றே, மதிப்பு வேறு.

அதே வேளையில் சிருங்கேரி மடத்தை நினைத்துப் பாருங்கள். 1791ஆம் ஆண்டு மராட்டியப் படையினர் அம்மடத்தைச் சூறையாடியபோது, வருந்திக் கடிதம் எழுதி உதவி அனுப்பியவரும் திப்புவே. ஆக, ஒரே மனிதரின் கையிலிருந்த ஆயுதம் ஒரு வீட்டில் வீரத்தின் சின்னம், ஒரு வீட்டில் துயரத்தின் சின்னம், ஒரு மடத்தில் துணையின் சின்னம். இவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தால், நாமும் கொள்ளையரே ஆவோம். பொருளைக் கொள்ளையிடுவதற்கு மாறாக நினைவைக் கொள்ளையிட்டவர்களாவோம்.

தமிழருக்கு இக்கதையில் மற்றொரு பங்கும் உண்டு. 1799ஆம் ஆண்டு அக்கோட்டையைத் தகர்த்த படையில் சென்னை ராஜதானியின் சிப்பாய்கள் பெருந்தொகையினர் இருந்தனர். வெற்றிக்குப்பின் திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். ஏழே ஆண்டுகளில், 1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள், அச்சென்னைப் படையின் சிப்பாய்களே வேலூரில் கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியைக் கோட்டையில் ஏற்றினர். கிளர்ச்சி அன்றே அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். மேஜரின் வழித்தோன்றல்களுக்குப் பரணில் துப்பாக்கி இருந்தது. உயிலும் காகிதமும் இருந்தன. அச்சிப்பாய்களின் வழித்தோன்றல்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களுள் சிலர் நம்மிடையேயும் இருக்கலாம். அதனைக் கூறும் காகிதம்தான் இல்லை.

விலை இல்லாத துப்பாக்கி

முடிவாக, வேறொரு துப்பாக்கியை நினைவுகூர்வோம். 1931ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27ஆம் நாள், அலகாபாத்தின் ஆல்பிரட் பூங்காவில் சந்திரசேகர ஆசாத் தனியாக நின்று காவல் படையுடன் போரிட்டு உயிர்நீத்தார். அவர் கையிலிருந்த கோல்ட் கைத்துப்பாக்கி, அன்று அலகாபாத்தில் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்த நாட்-போவரிடம் சேர்ந்து இங்கிலாந்துக்குச் சென்றது. பிற்காலத்தில் லண்டன் மாநகரக் காவல்துறைத் தலைவராகவும் உயர்ந்தவர் அவர். அவர் விரும்பியிருப்பின் அதுவும் அவருடைய வாரிசுகள் வழியாக ஏலக்கூடத்தை அடைந்திருக்கும், பெருந்தொகையும் பெற்றிருக்கும். ஆனால் 1970களில் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. பின்னர் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அதற்கு இன்று விலை இல்லை. விற்க முடியாத பொருளுக்கு விலை ஏது? ஆயினும் அதன்முன் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் மௌனத்தைக் காண்போர், அதன் மதிப்பை அறிவர்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? துன்ப வரலாறு ஒரு பொருளின் விலையை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். அது சந்தையின் போக்கு. மதிப்போ, அதனைப் பெற்ற வாரிசு அவ்வரலாற்றை எவ்வாறு நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. மறைப்பவரிடம் அது குற்றப்பொருள். பீற்றிக்கொள்பவரிடம் அது வெற்றிக் கோப்பை. முழுவதும் சொல்பவரிடமே அது வரலாறு. துப்பாக்கி திரும்பி வருவது நன்று. வரும்போது மேலுக்கோட்டையின் இருண்ட தீபாவளியும், குடகின் சிறைப்பட்டோர் நினைவும், வேலூரில் மடிந்த சிப்பாயும் அதனோடு வரவேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் துப்பாக்கி இல்லை. தகரப் பெட்டியில் ஒரு பித்தளைச் செம்பு, பாட்டனாரின் ஊன்றுகோல், கறைபடிந்த பத்திரம் ஒன்று இருக்கலாம். அவை யாருடையவை, எப்படி வந்தன, அவற்றுக்காக யார் அழுதார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கதை போய்விட்டால் செம்பு எடைக்குத்தான் போகும். ஆகவே, அடுத்த விடுமுறையில் பெரியவர்களிடம் கேட்டு, நல்லதும் தீயதுமாக உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, அப்பெட்டியிலேயே வைப்போமாக. நம் பிள்ளைகள் ஆதிரங்கத்துக் கல்லருகே நின்று கேட்ட கேள்வியை, ஒருநாள் அப்பெட்டியைத் திறந்தும் கேட்பார்கள்.